ஒருமுறை நட்டால் வருடா வருடம் வரும் சமையல் செடிகள்: ஸ்காபரோ வீட்டுக்கு ஒரு திட்டம் சொல்லுங்கள்

கொல்லைப்புறம் | ஸ்காபரோ | 2023 அக்டோபர் 4

எல்லோருக்கும் வணக்கம். பால்கனியில் ஆறு வருடம் தொட்டி வைத்த தைரியத்தில், கனடாவில் டொராண்டோவின் ஸ்காபரோ பகுதியில் தனி வீடு வந்ததும் 2022 மே மாதம் மண்ணில் இறங்கினேன். அந்தக் குளிர்காலம் முடிந்து பார்த்தால் கணக்கு இப்படி: ரோஸ்மேரி மூன்றும் போய்விட்டன. லாவெண்டர் போய்விட்டது. தைம் இரண்டில் ஒன்று கருகிவிட்டது. இன்னொன்று ஏப்ரலில் வேரோடு மண்ணுக்கு மேலே உட்கார்ந்திருந்தது, யாரோ பிடுங்கி வைத்துவிட்டுப் போன மாதிரி. புதினா மட்டும் கொழுத்துப்போய், பாத்தி தாண்டி, புல்தரை தாண்டி, வேலிக்கு அடியில் நுழைந்து பக்கத்து வீட்டில் குடியேறிவிட்டது.

பயந்துபோய் இந்த வருடம் எதையும் நடவில்லை. ஒவ்வொரு மே மாதமும் நர்சரியில் போய் அதே செடிகளை மறுபடி வாங்குவதில் எனக்கு விருப்பமில்லை. நட்டால் இருக்க வேண்டும். பனி உருகியதும் தானே தலை நீட்ட வேண்டும். சித்த மருத்துவ மூலிகை கேட்கவில்லை. சமையலுக்குக் கிள்ளிப் போடுகிற வாசனை இலைகள்தான்.

இடம்: சமையலறைக் கதவைத் திறந்தால் டெக், அதாவது மரத்தளம். அதை ஒட்டித் தெற்கு பார்த்த சுவர், சுமார் 14 அடி. கிழக்கு மூலையில் கூரைத் தண்ணீர்க் குழாய் இறங்குகிறது. மண் சுத்தக் களிமண், மழை பெய்தால் பசை, காய்ந்தால் செங்கல். எதை எங்கே வைக்கலாம்?

நல்லூர்க்காரன் | ஸ்காபரோ | அக்டோபர் 4

வணக்கம் தங்கச்சி. நான் இங்கே வந்து 33 வருடம். முதல் ஐந்து வருடம் நீங்கள் எழுதிய அதே கணக்கைத்தான் நானும் எழுதினேன்.

உங்கள் தைமைக் குளிர் கொல்லவில்லை. ஈரம் கொன்றது. களிமண்ணில் தண்ணீர் தேங்கும். இரவில் உறைந்து பருக்கும், பகலில் உருகி இறங்கும். மார்ச் முழுக்க இதே வேலை. ஒவ்வொரு தடவையும் மண் செடியை ஒரு நூல் மேலே தள்ளும். கடைசியில் வேர் வெளியே வந்து காற்றில் காயும். உங்களுடையதை யாரும் பிடுங்கவில்லை, மண்தான் துப்பியது.

அதனால் செடிப் பட்டியலை இப்போது எழுதாதீர்கள். முதலில் இரண்டு விசயம் பாருங்கள். இந்த மாத மழையில் எங்கே தண்ணீர் நிற்கிறது? மார்ச்சில் எந்த இடத்தில் பனி முதலில் உருகுகிறது? முதலில் உருகும் இடம் தைமுக்கு. தண்ணீர் நிற்கும் இடம் ஒருத்தருக்கும் இல்லை.

மண்புழு | ஒட்டாவா | அக்டோபர் 5

அண்ணை சொன்னது அத்தனையும் சரி. நான் கொஞ்சம் கணக்குச் சேர்க்கிறேன்.

செடி அட்டையில் "மண்டலம் 5" என்று போட்டிருந்தால், அது அமெரிக்க வேளாண் துறையின் அளவு. வருடத்தின் மிகக் குளிர்ந்த இரவு சராசரியாக எவ்வளவு இறங்கும் என்பது மட்டும்தான் அதில் கணக்கு. 5 என்றால் சுமார் கழித்தல் 29 முதல் 23 டிகிரி வரை, 6 என்றால் கழித்தல் 23 முதல் 18 வரை. கனடாவுக்குத் தனி வரைபடம் உண்டு. அதில் மழை, பனியின் ஆழம், காற்று எல்லாம் சேரும். இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்காது. அட்டையில் 5 அல்லது அதற்குக் கீழே இருப்பதை வாங்கினால் உங்கள் ஊரில் பயமில்லை.

ஆனால் அந்த எண் தரையில் நட்ட செடிக்குத்தான். தொட்டி என்றால் வேரைச் சுற்றிக் குளிர்காற்று. இரண்டு மண்டலம் கழித்துக்கொள்ளுங்கள். மண்டலம் 5 செடியைத் தொட்டியோடு டெக்கில் விட்டால் உங்கள் ஊரில்கூடச் செத்துப்போகும். 

களிமண்ணுக்கு ஒரே வழி மேட்டுப்பாத்தி. ஒரு அடி உயரம் போதும். களிமண்ணோடு மணலைக் கலக்கிறேன் என்று மட்டும் இறங்காதீர்கள். கொஞ்சம் மணல் சேர்ந்த களிமண் கான்கிரீட் மாதிரி இறுகும்.

கறிவேப்பிலைக் கட்சி | பிராம்ப்டன் | அக்டோபர் 5

எனக்கு ஒன்று புரியவில்லை. தைம், ரோஸ்மேரி, லாவெண்டர் என்று எழுதுகிறீர்களே, வீட்டில் என்ன தினமும் பாஸ்தாவா? கறிவேப்பிலை, துளசி, கற்பூரவல்லி, வல்லாரை, இஞ்சி இதற்கெல்லாம் வழி சொல்லுங்கள். என் நண்பர் ஒருவர் கறிவேப்பிலையைத் தரையில் நட்டுச் சாக்குச் சுற்றிக் குளிர்காலம் தாட்டினார்.

மின்னசோட்டா மீன்குழம்பு | மினியாபோலிஸ் | அக்டோபர் 6

கட்சித் தலைவரே, அந்த நண்பரின் செடி அடுத்த ஜூனில் எப்படி இருந்தது என்றும் கேட்டுச் சொல்லுங்கள். நான் செய்து பார்த்தேன். சாக்கு பிழைத்தது.

கோபம் நியாயம்தான், ஆனால் நீங்கள் சொன்ன எதற்கும் உறைபனி தெரியாது. நான் மனதுக்குள் மூன்று தட்டாகப் பிரித்து வைத்திருக்கிறேன். ஒன்று, வருடம் முழுக்க மண்ணிலேயே கிடப்பவை: சைவ்ஸ், புதினா, ஒரிகானோ, லவேஜ் மாதிரி. இரண்டு, வெயிலுக்கு வெளியே போய்க் குளிருக்கு வீட்டுக்குள் வருபவை: கறிவேப்பிலை, கற்பூரவல்லி, லெமன்கிராஸ். மூன்று, ஒரு பருவம் வாழ்ந்து போகிறவை: மல்லி, வெந்தயம், துளசி. மல்லியைப் பல்லாண்டுச் செடியாக்க எந்த மந்திரமும் கிடையாது. ஜூன் பகல் நீண்டதும் பூவெடுத்துவிடும். ஆனால் விதை உதிர விட்டால் அடுத்த ஏப்ரலில் தானே முளைக்கும், அது ஒரு சின்ன ஆறுதல்.

கறிவேப்பிலைக்கு என் நடைமுறை: இரவு 10 டிகிரிக்கு இறங்கியதும் உள்ளே. அதற்கு முன் இலையின் அடிப்பக்கம் வரை சோப்புத் தண்ணீரால் கழுவ வேண்டும். செதில் பூச்சியும் சிலந்திப்பேனும் ஓசியில் கூடவே வந்து ஹீட்டர் சூட்டில் குடும்பம் நடத்தும். குளிர்காலத்தில் உரம் கிடையாது, தண்ணீர் பாதி. இலை கொட்டினால் அழ வேண்டாம், தூங்குகிறது. மே மாதக் கடைசியில் வெளியே வைக்கும்போது பத்து நாள் நிழலில் பழக்கி வையுங்கள், இல்லாவிட்டால் ஒரே பகலில் இலை வெந்துவிடும்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: புளோரிடா மாதிரி எலுமிச்சை, ஆரஞ்சு வளரும் இடங்களிலிருந்து கறிவேப்பிலைக் கன்று வரவழைக்காதீர்கள். ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் பூச்சி இதிலும் குடியிருக்கும். அதனால் வெளியே அனுப்பக் கட்டுப்பாடு இருக்கிறது.

கொல்லைப்புறம் | அக்டோபர் 7

மூன்று தட்டு பிடித்துவிட்டது. ஆனால் கட்சிக்காரர் கேட்டதிலும் எனக்குப் பாதிச் சம்மதம். பாத்தி நிறையப் பச்சையாக இருந்து, சாம்பார் வைக்கும்போது அதில் ஒன்றைக்கூடக் கிள்ளப் போகாவிட்டால் என்ன லாபம்? குளிர் தாங்கும் செடிகளில் நம் அடுப்புக்கு எது ஒத்துவரும், யாராவது வைத்துப் பார்த்திருக்கிறீர்களா?

ஓஸ்லோ ஓரம் | ஓஸ்லோ | அக்டோபர் 8

பதினெட்டு வருடமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதலில் ஓர் எச்சரிக்கை: நார்வேயில் மண்டல எண் தலைகீழ். இங்கே 1 மிதமான கடலோரம், 8 கடும் குளிர். ஒருமுறை அமெரிக்கத் தளத்தில் "மண்டலம் 3" என்று பார்த்து நம்முடைய 3 என்று நினைத்துக் குழம்பினேன். நல்லவேளை, அந்தத் தடவை குழப்பம் என் பக்கம் சாதகமாக முடிந்தது.

இனிச் சமையல். சைவ்ஸ்: பெயரில்தான் சைவம், வெங்காயக் குடும்பம். பனி உருகியதும் முதலில் வருவது இதுதான். சம்பலுக்கு, முட்டைப் பொரியலுக்கு, தயிர்ப் பச்சடிக்கு. அதன் தம்பி, தட்டை இலையுள்ள பூண்டு சைவ்ஸ். சொதி இறக்கும்போது தூவிப் பாருங்கள்.

சோரல்: நம்மவர்கள் பலருக்குத் தெரியாது. புளிச்சக்கீரைக்கு ஏங்குகிறவர்கள் இதை நடலாம். செடி வேறு, குடும்பம் வேறு, ஆனால் புளிப்பு உண்டு. பருப்போடு சேர்த்தால் இரண்டு நிமிடத்தில் கரைந்துவிடும். நிறம் மட்டும் பழைய பட்டாளச் சட்டை மாதிரி ஆகும், அதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். இரும்புச் சட்டியில் வைக்காதீர்கள். ஆக்சாலிக் அமிலம் அதிகம் என்பதால் சிறுநீரகக் கல் வந்தவர்கள் தவிர்ப்பது நல்லது.

ஒரிகானோ: கிரேக்க வகையைக் கேட்டு வாங்குங்கள். கசக்கி முகர்ந்தால் கற்பூரவல்லியின் நினைவு வரும், காரணம் இரண்டிலும் கார்வக்ரால் என்கிற ஒரே எண்ணெய்ப் பொருள். தைம் அதேபோல் ஓமத்துக்கு உறவு, தைமால் என்கிற எண்ணெய்ப் பொருள் இரண்டிலும் உண்டு. ரசம் கொதித்து வரும்போது ஒரு கொத்துத் தைம் போட்டு மூடி, பரிமாறும்போது எடுத்துவிடுவேன். வீட்டில் யாரும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை.

லவேஜ்: செலரி வாசனை, ஆனால் பத்து மடங்கு உரக்கப் பேசும். ஒரு இலை போதும். மீன் அவிக்கும் தண்ணீரில், ஆட்டெலும்பு ரசத்தில் நன்றாக இருக்கும். ஆளுயரம் வளரும், எச்சரிக்கை.

நல்லூர்க்காரன் | அக்டோபர் 8

ஓஸ்லோ தம்பிக்கு நன்றி. லவேஜ் என்றதும் ஒன்று நினைவு வந்தது. பழைய ஆங்கிலச் சமையல் குறிப்புகளில் ஓமத்துக்கு "லவேஜ் விதை" என்று எழுதியிருப்பார்கள். அதை நம்பி நான் லவேஜ் நட்டு, விதை எடுத்து, முறுக்குக்குப் போட்டேன். மனைவி இன்னும் மறக்கவில்லை.

இன்னொரு வேடிக்கை. ஹார்ஸ்ராடிஷ் என்று ஒரு காரக்கிழங்கு, இங்கே எந்தக் குளிருக்கும் சாகாது. ஊரில் இருந்த வெள்ளைக்காரர்கள் அது கிடைக்காமல் முருங்கை வேரைத் துருவிச் சாப்பிட்டார்கள். அதனால்தான் ஆங்கிலத்தில் முருங்கைக்கு ஹார்ஸ்ராடிஷ் மரம் என்று ஒரு பெயர். அவர்கள் அங்கே முருங்கையை வைத்துச் சமாளித்தார்கள், நாங்கள் இங்கே வந்து முருங்கைக்கு ஏங்குகிறோம். ஆனால் ஹார்ஸ்ராடிஷைப் பாத்தியில் நடாதீர்கள். வேர்த்துண்டு ஒன்று மிஞ்சினால் போதும், திரும்ப வரும். உங்களுடைய புதினா அதன் முன் சாது.

கறிவேப்பிலைக் கட்சி | அக்டோபர் 9

சரி, சோரல் வைத்துப் பார்க்கிறேன். பெயரைக் கேட்டால் குற்றாலச் சாரல் மாதிரி இருக்கிறது. நண்பரிடம் கேட்டேன். அந்தக் கறிவேப்பிலை பிழைக்கவில்லையாம். இப்போது மேசன் ஜாடியில் ஒரு குச்சி வைத்திருக்கிறார்.

கொல்லைப்புறம் | அக்டோபர் 15

நேற்று முழுக்க மழை. குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன், பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ. கிழக்கு மூலைக் குழாய்க்குக் கீழே குளம். சுவரை ஒட்டி இரண்டடி அகலம் மழையே படாமல் காய்ந்து கிடக்கிறது, கூரை நீட்டிக்கொண்டிருப்பதால். வரைந்த திட்டம் இது:

சுவரோடு ஒட்டி 10 அடி நீளம், 4 அடி அகலம், 1 அடி உயர மேட்டுப்பாத்தி. மேற்கிலிருந்து கிழக்கே: லவேஜ், சோரல், சைவ்ஸ், ஒரிகானோ, சேஜ், தைம். புதினா நடுவில். இப்போதே கட்டி, இந்த மாதமே செடிகளையும் நட்டுவிடலாமா? நர்சரியில் பாதி விலைக்குப் போட்டிருக்கிறார்கள்.

மண்புழு | அக்டோபர் 15

திட்டம் நல்லது, நான்கு இடத்தில் கை வைக்கிறேன், கோபிக்காதீர்கள்.

சுவரோடு ஒட்டாதீர்கள். வீட்டுச் சுவரில் மண் சாய்ந்திருந்தால் ஈரம் உள்ளே ஏறும். ஒரு அடி இடைவெளி விடுங்கள். அப்போது ஒரு பக்கத்திலிருந்துதான் கை எட்டும், ஆக அகலம் 3 அடி போதும். 10 × 3 × 1 என்றால் 30 கன அடி, ஒரு கன கெஜத்துக்குக் கொஞ்சம் மேலே. அந்த அளவில் மண் கேளுங்கள், இல்லாவிட்டால் இரண்டு கெஜம் கொண்டுவந்து டிரைவ்வேயில் கொட்டிவிட்டுப் போவார்கள்.

வரிசையைத் திருப்புங்கள். காய்ந்த சுவரோரம் தைம், சேஜ், ஒரிகானோவுக்குச் சொர்க்கம். அவை மத்தியதரைக்கடல் பாறைச் சரிவுச் செடிகள், காலில் ஈரம் ஆகாது. அந்தப் பாதியில் மட்டும் மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு சின்னச் சரளை கலக்கவும், கம்போஸ்ட் குறைவாக. லவேஜும் சோரலும் தண்ணீர் குடிப்பவை, கிழக்கு மூலைக்குப் போகட்டும். ஆனால் குழாயை நீட்டி, தண்ணீர் பாத்தியைத் தாண்டி விழும்படி செய்துவிட்டு. லவேஜ் கிழக்கில் இருந்தால் காலை நிழல் மட்டும்தான் மற்றவற்றின் மேல் விழும்.

புதினா பாத்திக்குள்ளேயே வரக்கூடாது. அடி வெட்டிய பெரிய வாளியை மண்ணில் புதைத்து, விளிம்பு இரண்டு அங்குலம் வெளியே தெரியும்படி விட்டு அதற்குள் நடலாம். ஆனாலும் ஓடுதண்டு விளிம்பைத் தாண்டிக் குதிக்கும், மாதம் ஒருமுறை பார்த்து வெட்ட வேண்டும். செடியை விலை கொடுத்து வாங்கவும் வேண்டாம். தமிழ்க்கடையில் வாங்கும் புதினாக் கட்டில் நாலு குச்சியைத் தண்ணீரில் வைத்தால் வேர் விடும்.

பாத்தியை இப்போது கட்டுங்கள், மண் குளிர்காலம் முழுக்கப் படியட்டும். செடி இப்போது வேண்டாம். அக்டோபர் நடுவில் நட்ட தைம் வேர் பிடிப்பதற்குள் மண் உறைந்துவிடும், அதற்குத்தான் பாதி விலை. இப்போது நடக்கூடியது பூண்டு ஒன்றுதான். இங்கே அக்டோபரில் வரும் நன்றி நவிலல் விடுமுறையை ஒட்டி நட்டு ஜூலையில் எடுப்பது. காலிப் பாத்தியில் ஒரு வரிசை வையுங்கள்.

தோண்டுவதற்கு முன் ஒன்டாரியோ ஒன் கால் (Ontario One Call) என்ற சேவைக்குச் சொல்லி கேஸ், மின்சாரக் குழாய்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இலவசம்தான்.

மின்னசோட்டா மீன்குழம்பு | நவம்பர் 22

இழையை மேலே கொண்டுவருகிறேன். போன வாரம் அமெரிக்க வேளாண் துறை புதிய மண்டல வரைபடம் வெளியிட்டது. 2012க்குப் பிறகு இதுதான் முதல் திருத்தம். மினியாபோலிஸ் 4இலிருந்து 5க்குப் போய்விட்டது. அலுவலகத்தில் ஒருவர் இனி ரோஸ்மேரி நடலாமா என்று கேட்கிறார். ரோஸ்மேரிக்கு 8 வேண்டும். குளிர் தாங்கும் என்று விற்கும் ஆர்ப் வகைகூட 6, 7 வரைதான். அதுவும் நல்ல வடிகாலும் அதிர்ஷ்டமும் சேர்ந்தால். சராசரி ஏறியிருக்கிறது, ஒரே ஒரு மோசமான இரவு இன்னும் வரலாம்.

நல்லூர்க்காரன் | நவம்பர் 23

என்னிடம் ஆர்ப் இரண்டு குளிர்காலம் இருந்தது. மூன்றாவதில் போய்விட்டது. செத்த பிறகும் ஒரு மாதம் பச்சையாகவே நின்று ஏமாற்றியது, அதுதான் கூடுதல் துக்கம்.

தங்கச்சி, பூண்டுக்கு மேப்பிள் இலையால் மூடாக்குப் போட்டீர்களா? நல்ல தடிப்பாகப் போடுங்கள்.

மண்புழு | நவம்பர் 23

பூண்டுக்குத் தடிப்பாகப் போடலாம், அண்ணை. ஆனால் அடுத்த வருடம் தைம், சேஜ் மேல் அதைச் செய்ய வேண்டாம். முழு மேப்பிள் இலை நனைந்தால் தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும், அடியில் செடி அழுகும்.

நல்லூர்க்காரன் | நவம்பர் 23

முப்பது வருடமாகப் போடுகிறேன், எனக்கு அழுகவில்லையே.

மண்புழு | நவம்பர் 24

உங்கள் வீட்டு மண் மணற்பாங்கு என்று நீங்களே போன வருடம் எழுதியிருந்தீர்கள். அக்காவுடையது களிமண் ஊர். புல்வெட்டியால் பொடித்துப் போட்டால் நானும் உங்கள் பக்கம். அதைவிட, கிறிஸ்துமஸ் முடிந்ததும் தெருவோரம் போடுகிற மரங்களின் கிளைகளை வெட்டி மேலே பரப்பலாம். காற்று போகும், பனியும் தங்கும். பனிதான் நல்ல போர்வை. மூடாக்கு மண் உறைந்த பிறகுதான். அது சூடு தருவதற்கு இல்லை, உறைந்த மண் இடையில் உருகாமல் வைத்திருப்பதற்கு.

நல்லூர்க்காரன் | நவம்பர் 24

பொடித்துப் போடலாம். அது சரிதான்.

கொல்லைப்புறம் | 2024 மார்ச் 17

பாத்தி கட்டியாகிவிட்டது, பூண்டு முளை தெரிகிறது. இந்த வருடம் பனி சரியாகவே பெய்யவில்லை, பிள்ளைகள் சறுக்குப் பலகையைத் தொடவே இல்லை. பெய்த கொஞ்சத்தையும் தினமும் பார்த்தேன். நல்லூர்க்காரன் அண்ணா சொன்னது போல, மேற்குப் பாதியில் ஒரு நாளில் உருகியது கிழக்கில் நாலு நாள் கிடந்தது. ஆறே அடிக்குள் இவ்வளவு வித்தியாசம்!

ஒரு சந்தேகம்: மே மாதம் வரும் விக்டோரியா தினம் வரை காத்திருக்க வேண்டுமா?

மண்புழு | மார்ச் 18

அது தக்காளி, துளசி, கறிவேப்பிலைத் தொட்டிக்கு. குளிர் தாங்கும் செடிகளை ஏப்ரல் கடைசியில் நடலாம், வெளியில் வைத்து விற்கும் செடியாக இருந்தால். உள்ளே கதகதப்பில் வளர்த்ததாக இருந்தால் ஒரு வாரம் பழக்கிவிட்டு. தைமுக்கும் சைவ்ஸுக்கும் ஒரு அடி இடைவெளி, ஒரிகானோவுக்கு ஒன்றரை, சேஜுக்கு இரண்டு, லவேஜுக்கு மூன்று. நட்டதும் பாத்தி காலியாகத் தெரியும். அந்த இடைவெளியில் இந்த ஒரு வருடம் மல்லியோ வெந்தயமோ தூவுங்கள், இல்லாவிட்டால் கை அரித்து இன்னும் நாலு செடி வாங்கிவிடுவீர்கள்.

கறிவேப்பிலைக் கட்சி | மே 11

பாடம் ஒன்று சொல்கிறேன், சிரித்துவிட்டுப் போங்கள். ஒரு நர்சரியில் "கறிச் செடி, குளிர் தாங்கும்" என்று அட்டை. சாம்பல் நிறத்தில் ஊசி ஊசியாக இலை. முகர்ந்தேன், உண்மையாகவே மசாலா வாசனை. மூன்று வாங்கினேன். வீட்டில் தாளிப்பில் போட்டால் கசப்பு. தேடிப் பார்த்தால் அது ஹெலிக்ரைசம் என்ற சாமந்திக் குடும்பத்துச் செடி, கறிவேப்பிலைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. குளிரும் அவ்வளவு தாங்காதாம்.

ஓஸ்லோ ஓரம் | மே 12

இதே கதை டாரகன் என்ற வாசனை இலைச் செடியில் எனக்கு நடந்தது. பிரெஞ்சு டாரகன் விதையிலிருந்து வராது, தூர் பிரித்தோ போத்து வைத்தோதான். விதைப் பொட்டலத்தில் வருவது ரஷ்ய வகை, புல் ருசி. வாங்கும்போது ஒரு இலையை மெல்லுங்கள். சோம்பு வாசனையோடு நாக்கு லேசாக மரத்தால் சரியான செடி.

கொல்லைப்புறம் | 2024 செப்டம்பர் 2

எல்லாம் வேர் பிடித்துவிட்டது. ஒரிகானோ, தைம் இரண்டையும் நன்றாக வெட்டிக் காயவைக்கப் போகிறேன். இன்னும் எவ்வளவு நாள் வெட்டலாம்? குளிருக்கு முன் எல்லாவற்றையும் தரையோடு வெட்டி விடலாமா?

மண்புழு | செப்டம்பர் 2

பெரிய அறுவடைக்கு இதுதான் கடைசி வாரம். இப்போது ஆழமாக வெட்டினால் வரும் புதுத் தளிர் முற்றுவதற்குள் உறைபனி வந்துவிடும். அதற்குப் பிறகு ரசத்துக்குக் கிள்ளுவதோடு சரி. சைவ்ஸ், புதினா, லவேஜ், சோரல் தாமே வாடிய பிறகு தரையோடு வெட்டலாம். தைம், சேஜ் இரண்டும் கட்டைச் செடிகள், மே வரை கத்தியே படக்கூடாது. மே மாதம் பச்சைக் கண் எங்கே விடுகிறது என்று பார்த்து அதற்கு மேலேதான் வெட்டு. பழைய கட்டைக்குள் வெட்டினால் துளிர்க்காமலே போகலாம்.

டிரைவ்வேயில் வாரும் பனியைப் பாத்தியில் போடாதீர்கள், அதில் உப்பு இருக்கும்.

கொல்லைப்புறம் | 2025 மே 18

இரண்டு குளிர்காலம் பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று நினைத்தேன், ஒன்றுக்கே பொறுமை போய்விட்டது. பிப்ரவரியில் அடுத்தடுத்துக் கொட்டிய பனியில் பாத்தி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. நான் ஒன்றும் செய்யவில்லை, ஜனவரியில் பரப்பிய கிறிஸ்துமஸ் கிளைகள்தான்.

சைவ்ஸ் ஏப்ரல் முதல் வாரமே வந்துவிட்டது. சோரல் இரண்டாவது. லவேஜ் சிவப்பாக, முஷ்டி மாதிரி தரையைக் கிழித்துக்கொண்டு வந்தது, முதலில் பார்த்தபோது கொஞ்சம் பயமாகவே இருந்தது. ஒரிகானோ, சேஜ் வந்துவிட்டன. தைம் மூன்றில் மூன்றும் இருக்கின்றன, வேர் மண்ணுக்குள்தான் இருக்கிறது, தினமும் தொட்டுப் பார்க்கிறேன். பேஸ்மென்ட் ஜன்னலில் வைத்த ரோஸ்மேரி காய்ந்து போனது. இனி ரோஸ்மேரி கடையில்தான்.

அம்மா மதுரையிலிருந்து வந்திருக்கிறார். ஒரிகானோவைக் கசக்கி முகர்ந்துவிட்டு, "கற்பூரவல்லி ஏண்டி இப்படி இளைச்சுப் போச்சு, தண்ணி ஊத்துறதில்லையா?" என்று கேட்டார். மூன்று நாளாகச் சளிக்குக் கஷாயம் அதில்தான். சோரல் பருப்பின் நிறத்தைப் பார்த்து வாயே திறக்கவில்லை, ஆனால் இரண்டாம் முறை போட்டுக்கொண்டார்.

ஒரு தவறு மட்டும் நடந்திருக்கிறது, மண்புழு. லவேஜ் சரியாகச் சமையலறை ஜன்னலுக்குக் கீழே. ஜூலையில் ஜன்னல் முழுக்க மறைக்கும் போலிருக்கிறது. இப்போது பெயர்க்கலாமா?

மண்புழு | மே 18

இப்போது வேண்டாம், அடுத்த ஏப்ரலில் முளை காட்டும்போது. வேர் ஆழமாக, கிழங்கு மாதிரி இருக்கும், கடப்பாரை வேண்டியிருக்கும். இந்த வருடம் நடுவில் ஒருமுறை பாதியாக வெட்டுங்கள், மறுபடி இளம் இலை விடும்.

நல்லூர்க்காரன் | மே 19

பெயர்க்கும்போது பாதி எனக்கு வேண்டும் தங்கச்சி. என்னுடையதை மனைவி அந்த முறுக்குக்குப் பிறகு பிடுங்கிவிட்டா.

கொல்லைப்புறம் | மே 19

தருகிறேன் அண்ணா. ஓமம் கடையில் வாங்கி உடன் வைத்துத் தருகிறேன். அப்புறம் சொல்ல மறந்துவிட்டேன்: பக்கத்து வீட்டுக்காரர் நேற்று வேலிக்கு மேலே கை நிறையப் புதினா நீட்டினார். தன் தோட்டத்தில் தானே வந்ததாம், எங்களுக்கு உபயோகப்படுமா என்று கேட்டார். வாங்கிக்கொண்டேன்.